முறை நோட்டு

மேட்டூர் திறந்து இருபத்து நான்காம் நாள்
அரிச்சந்திரா நதிக்கு வந்த தண்ணீர்
எங்கள் ஏழாம் நம்பர் வாய்க்காலில்
கணுக்கால் உயரம்.

மதகடியில் நட்டிருப்பது
பள்ளிக்கூடத்துப் பழைய கதவுச் சட்டம்,
பெயின்ட்டில் நான்கு கோடு.
இரண்டாவது கோட்டுக்குக் கீழே இறங்கினால்
முறை வைத்தாக வேண்டும்:
மாவுக்கு நாற்பது நிமிஷம்,
கடைமடையில் தொடங்கி மேலே.

கடைமடையில் தொடங்கி.
இந்த இரண்டு சொல்லுக்காக
மூன்று வருஷம் சண்டை போட்டோம்.
நாற்காலிகள் உடைந்தன, ஒரு கல்யாணம் நின்றது.

நோட்டு என்னிடம்.
எனக்குத் தலைமடையில் மூன்று மா.
"பூனைகிட்டயே பால் கணக்கு" என்பார்
கடைசி வயல் சவரிமுத்து.

ஆடி ஒன்பது. அவருடைய முறை.
டார்ச்சோடு கரை பார்க்கப் போனவள்
என் வயலில் நின்றேன்.
வெடிப்புக்குள் சுண்டுவிரல் போனது.
வாமடையில் மண்மூட்டை.
காலால் தள்ளினேன்.

உலையில் அரிசி சரிகிற சத்தம்.

போனில் அவருக்காக வைத்த கடிகாரம்
ஓடிக்கொண்டே இருந்தது.
பதினெட்டு நிமிஷம்.
பிறகு கையாலேயே அடைத்தேன்.
ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

கொழுந்தன் காளிதாசு
ஐந்து நிமிஷம் எடுத்தபோது
சிவப்பு மையில் எழுதி
இரண்டு அடிக்கோடு போட்டவள் நான்.
விடிந்ததும் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.

இரவு 2.10 முதல் 2.28 வரை.
எடுத்தவர்: தையல்நாயகி.
பிடித்தவர்: தையல்நாயகி.

ரேஷன் கடை வாசலில் கூட்டம்.
தானே எழுதிக்கொடுத்ததால்
அபராதத்தில் பாதி தள்ளலாம்
என்று ஹபீப் ஆரம்பித்தார். பலர் தலையாட்டினார்கள்.
சவரிமுத்து எழுந்தார்.
"தள்ளுபடி குடுத்தா
அடுத்த வருஷம் எல்லாரும்
எழுதிட்டே எடுப்பாங்க."

சிரித்தார்கள். நானும்.
என் முறையில் முப்பத்தாறு நிமிஷம் கழிவு,
இரண்டு நாள் வெங்காயத்தாமரை அள்ள வேண்டும்.

இடுப்பளவு சேற்றில் நின்று
நான் பிடுங்கிப் பிடுங்கி வீச,
கரையில் குவித்துக்கொண்டிருந்தான் காளிதாசு.
அவனை யாரும் கூப்பிடவில்லை.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
அந்தக் குவியலை அவன் இரண்டு வரிசையாக
நேராக அடுக்கியதைத்தான் கவனித்தேன்.
அடிக்கோடு மாதிரி.

சாயங்காலம் கதவுச் சட்டத்தில்
தண்ணீர் விரல்கடை ஏறியிருந்தது.

என் வயலின் மேட்டோரம்
பன்னிரண்டு குழி கருகிப்போயிற்று.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும்.