தொண்ணூற்று ஒன்று

லாரியிலிருந்து இறக்கிய சிவப்பு நாற்காலிகள்
தொண்ணூற்று ஒன்று.
கேட்டது நூறு. ஒன்பதுக்குக் கால் விரிசல்,
கிடங்கிலேயே கிடக்கின்றன.

யீஷுன். புளோக்குகளுக்கு நடுவே திடல்.
ஏழாம் மாதம், மாலை ஐந்து மணி.
ஆளுயர ஊதுவத்திகள் புகைகின்றன.
மேடையில் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி
"வெய், வெய்" என்கிறான் ஒருவன்.

"எல்லா வரிசையும் ஒரே அளவா இருக்கணும்லா.
பணம் போட்டவங்க படம் எடுப்பாங்க"
என்று சொல்லிவிட்டு
கோப்பி குடிக்கப் போய்விட்டார் ஹோக் செங்.

இரண்டிரண்டாய்ப் போட்டுப் பார்த்தேன். ஒன்று மிச்சம்.
மும்மூன்றாய். ஒன்று மிச்சம்.
நான்கு வேண்டாம்;
இரண்டு நுழைய முடியாத வீட்டில்
நான்கு எப்படி நுழையும்?
ஐந்தைந்தாய். மறுபடியும் ஒன்று.
ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலிதான்
எழுந்து வந்து நிற்கிறதோ என்று
முதுகில் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.

தொடக்கநிலை ஐந்தில்
இந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பகா எண்' என்று எழுதி
இரண்டு மதிப்பெண் இழந்தவன் நான்.
அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.
முகத்தைப் பார்த்தால் பகா எண்ணேதான்.
யாருக்கும் பிட்டுக் கொடுக்காத முகம்.
உள்ளே ஏழும் பதின்மூன்றும்
சத்தமில்லாமல் குடித்தனம் நடத்துவதை
கதவைத் தட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று தட்டினேன்.
ஏழு. திறந்தது.

ஆனால் இந்த மாதத்தில் கணக்கு அதோடு முடியாது.
முதல் வரிசை இறந்தவர்களுக்கு.
பாடகி அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்துத்தான்
முதலில் கும்பிடுவாள்.
அகலத்தில் ஏழு வைத்தால்
ஏழு பேருக்கு இடம்; உயிரோடிருப்பவர் எண்பத்து நான்கு.
அகலத்தில் பதின்மூன்று வைத்தால்
அங்கே பதின்மூன்று, இங்கே எழுபத்தெட்டு.
பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான் என்று
பாடநூல் சொல்லும்.
வராமல் போன ஆறு பேரிடம்
அதை யார் போய்ச் சொல்வது?

இன்னும் இரண்டு வழி உண்டு.
ஒரே வரிசையில் எல்லாவற்றையும் போட்டால்
திடலே அவர்களுக்கு.
ஒன்றன்பின் ஒன்றாய்ப் போட்டால்
ஒரே ஒருவர்
தொண்ணூறு பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மருத்துவமனைத் தாளிலும் இந்தச் சொல்தான் இருந்தது.
மரணத்துக்கான காரணி.
அண்ணனுக்கு ஒன்றுதான் எழுதியிருந்தார்கள்.
ஒன்று எல்லா எண்ணுக்கும் காரணி,
அதனால் எதையும் விளக்காத காரணி.

பதின்மூன்று அகலம் போட்டேன்.

ஹோக் செங் வந்து பார்த்து
"முன்னாடி ரொம்ப அகலமா இருக்கே" என்றார்.
"கூட்டம் வரும்" என்றேன்.

ஒன்பது மணிக்குச் சரிகைச் சிறகோடு ஒருத்தி பாடினாள்.
பத்தரைக்கு மழை தூறி நின்றது.
முதல் வரிசையில் ஏறப் பார்த்த ஒரு பையனை
அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நள்ளிரவு. அடுக்குகிறேன்.
பதின்மூன்று பதின்மூன்றாய் ஆறு அடுக்கு,
ஏழாவதில் பன்னிரண்டு.
மறுபடி எண்ணினேன். தொண்ணூறு.
நல்ல எண். கைநீட்டும் யாருக்கும் இல்லையென்னாது,
பன்னிரண்டு காரணிகள் அதற்கு.
என் சம்பளத்தில் மட்டும்
ஒரு நாற்காலியின் எட்டு வெள்ளி குறையும்.

கீறல் போட்டதுதான் காணவில்லை.

தேடிப் போனால்
மின்தூக்கிக்குப் பக்கத்தில், குழல்விளக்கின் கீழே,
அதில் உட்கார்ந்திருக்கிறான் ஷஃபிகுல்.
கைப்பேசித் திரையில்
தூங்காமல் காத்திருந்த மகள்.
பல் விழுந்த இடத்தைக் காட்டுகிறாள் போலிருக்கிறது,
இவன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான்.

லாரி ஹாரன் அடிக்கிறது.
"எத்தனை?" என்று கத்துகிறார் ஹோக் செங்.

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."