பொடி மட்டும்

விலைத் துண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது:
பொடி மட்டும். பாவித்தது. ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்.
ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் வீடு வருவதற்கும்
எங்கள் பக்கம் அதே சொல்தான்.
நான் சிரித்தது பவுசர் நானாவுக்கு விளங்கவில்லை.

ஹட்டனில் மழை.
கண்ணாடி அலுமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதிகளோடு
சொகுசாய் இருந்தன கெமராக்கள்.
என்னுடையது அரிசிப் பீப்பாயில் தூங்கும், பொலித்தீன் சுற்றி.
உலை கொதித்ததும் ஜெயசீலன் அதைத் தூக்கி மடியில் வைத்து
மூன்று சுண்டு அளந்துவிட்டுத் திரும்பப் புதைப்பான்.
ஏழு வருசம். மூடுபனிக்கு விட்டுக்கொடுக்கவில்லை நாங்கள்,
லென்சின் ஓரத்தில் பூஞ்சணம் வலை பின்னிய
அந்த ஓகஸ்டைத் தவிர.

வயரை மாட்டி எண்ணிக்கை பார்த்தார்.
"ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
தங்கச்சி, கொம்பனி சொன்னது ஒரு லட்சம்தான்."
அப்படியென்றால்
ஆயுள் முடிந்த பிறகும் நாற்பத்து மூவாயிரம் தடவை
கண் சிமிட்டியிருக்கிறது.
நோர்வூட் கலியாணம் அதற்குள் வரும்,
குவைத்துக்குப் போன பதினொரு பேரின்
சிரிக்காத பாஸ்போட் முகங்களும்.

வலப்பக்கம், மேல் மூலைக்குச் சற்றுக் கீழே
ஒரு சிவப்புப் புள்ளி.
எந்தப் படத்திலும் அதே இடம்:
மாப்பிள்ளையின் தலைப்பாகை, மாமனின் காது, வெறும் வானம்.
இரவிருந்து ஒவ்வொன்றாய் அழிப்பேன்.
அழிக்க மறந்த ஒன்றில்
அது பெண்ணின் மூக்குத்தியில் விழுந்து
கல்லாகிவிட்டது.
பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.
மூக்குத்தி கவரிங்.

"பிடிச்சுப் பாருங்க" என்று அந்தப் பொடியைக் கையில் தந்தார்.
பின்னறையில் லைட் இல்லாத மூலையை எடுத்தேன்.
ஒட்டடையின் இழை, ஈரம் ஊறிய பெட்டிகள்,
சுவரில் யாரோ பென்சிலால் எழுதிய தொலைபேசி இலக்கம்,
எல்லாம் வந்தது.
என் கெமரா அங்கே மணலைத்தான் தூவியிருக்கும்.

லயக் காம்பராவில் சடங்கென்றால்
தாய்மார் காதருகே வந்து சொல்வார்கள்:
"செவரு தெரியாம எடுங்க அக்கா."
அடுப்புக் கரியில் பாதியைச் சேலை கட்டி மறைத்திருப்பார்கள்.
மீதியை மறைத்தது என் கெமராவின் இயலாமை.
என் கைத்திறமை என்று நான் நினைத்திருந்ததில்
எவ்வளவு அது?

ஆனால் போன தையில், டிக்கோயாவில்,
தாலி கழுத்துக்குப் போகும் நேரம்
திரையில் பிழை என்று காட்டி நின்றது.
பற்றரியைக் கழற்றி மாட்டுவதற்குள்
மூன்று முடிச்சும் விழுந்து மேளம் அடங்கியிருந்தது.
"இன்னொருக்கா கட்டுற மாதிரி..." என்றேன்.
வைத்துக் காட்டினார்கள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நல்ல படம். எல்லாருக்கும் பிடித்தது.
நடந்தது அதுவல்ல.

சீட்டு விழ இன்னும் மூன்று மாதம்.
கூரையில் இரண்டு தகரம் மாற்ற வேண்டும்.
"பழசுக்கு இருபத்திரண்டு தாறன்,
பாட்ஸ் கழட்டத்தான்" என்றார்.
சிவப்புப் புள்ளி எந்தப் பாட்ஸோடு போகும் என்று
கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

ஞாயிறு பொகவந்தலாவையில் வேலை.
வாடகைக்குத் தருவீர்களா என்றேன்.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐநூறு,
அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போக வேண்டும்.
வைத்தேன். லாச்சியைச் சாத்தினார்.

பஸ்ஸில் இரண்டும் மடியில்.
எது எதுவென்று பார்க்காமலே தெரிந்தது:
ரப்பர் உரிந்த இடத்தில்
என் பெருவிரல் தானாகப் போய் இருந்துகொண்டது.
மல்லியப்பு சந்தியில் மழை விட்டது.
ஜெயசீலனுக்கு மெசேஜ் போட்டேன்:
இன்றைக்கு அரிசிக்குள் இரண்டு பேருக்கு இடம் பார்.