ஜீரோ பாத்துக்கங்க

பி.என். ரோட்டு பங்க்கில்
நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னேன்.
பெட்ரோல் போடும் பையன்
குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு
"ஜீரோ பாத்துக்கங்கண்ணா" என்றான்.
பார்த்தேன்.
சைபர். சைபர். புள்ளி. சைபர்.
அழுகை வந்துவிட்டது.

சும்மா கண் கலங்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் தேம்பித் தேம்பி
கண்ணாடியில் ஆவி படிந்து
பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து,
"ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா?"
தூசி என்றேன்.
ஹெல்மெட்டுக்குள், கண்ணாடி இறக்கியபின், தூசி.

இதற்கு முந்தின வாரம்தான்
ஓவர்லாக்கில் நூல் அறுந்ததற்கு
ருக்குமாத்தாளைக் கத்தினேன்.
நூல் அறும். பதினாலு வருஷமாகத் தெரியும் எனக்கு.
அன்றைக்கு மட்டும்
அவள் வேண்டுமென்றே அறுத்த மாதிரி இருந்தது.
பன்னிரண்டு மெஷினும் நின்றுபோய்
டியூப்லைட் இரைவது கேட்டது.
அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.
சனிக்கிழமை சம்பளம் வாங்குகையில்
சூடான இஸ்திரிப் பெட்டியருகே வைப்பதுபோல்
கையைக் கொஞ்சம் தள்ளியே நீட்டினாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பில் நிற்கிறது.
போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் பெண்
"அடுத்த வாரம் பாத்துக்கலாங்க சார்" என்கிறாள்.
தேன் மாதிரிக் குரல்.
அந்தக் குரலில் ஒருநாள் கனவு வந்தது.
தீபாவளி போனஸ் கேட்டு
வாசலில் ஒருவரும் நிற்கவில்லை.
நிற்கவில்லையே என்றுதான் தூக்கம் போனது.

படபடப்புக்கு டாக்டரிடம் போனேன்.
இ.சி.ஜி. கோடு
நல்ல டெய்லர் அடித்த தையலாக நேரே ஓடியது.
"எல்லாம் நார்மலுங்க. ஏதாச்சும் டென்சனுங்களா?"
"டென்சனெல்லாம் இல்லீங்க.
பிசினஸ்தானுங்க."
அவர் சிரித்தார். நானும் சிரித்தேனா,
ஞாபகமில்லை.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க
ஒறம்பரை வந்த ஞாயிற்றுக்கிழமை
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
அவர்கள் போகும்வரை
பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
வாளி நிறைந்து, வழிந்து, காலை நனைத்து,
தண்ணீர் வீணாகிறதே என்றுகூடத் தோன்றவில்லை,
ஆயிரத்து நூறடி போர் போட்டும்
சொட்டு வராத ஊரில் பிறந்தவனுக்கு.

இதெல்லாம் தனித்தனியே நடந்தது.
ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

பங்க்கிலிருந்து வந்த ராத்திரி
தெருமுனையிலேயே வண்டியை ஆஃப் செய்து
தள்ளிக்கொண்டு போனேன்.
முகம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான்.
வீட்டுக்குள் டிவி பெரிதாக ஓடியது.
என்னவோ காமெடி.
மகள் மிதுலா விக்கி விக்கிச் சிரிக்கிறாள்.
சுகந்தி அதற்கு மேல்.

இந்தச் சிரிப்பை நான் கேட்டே வெகுநாள்.
தினமும் என் வண்டிச் சத்தம் முக்கு திரும்பும்போதே
டிவிச் சத்தம் இறங்கிவிடும்.
பிள்ளை படிக்கிறாள் என்று
பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன்.
ருக்குமாத்தாள் கையைத் தள்ளி வைத்தது
அப்போதுதான் புரிந்தது.

உள்ளே போனதும் ரிமோட்டைத் தேடினாள் மிதுலா.
"கொறைக்காதே கண்ணு. ஓடட்டும்."
என் முதுகிலிருந்து எதையோ உரித்தாள்.
"அப்பா, இது என்னது?"
செக்கிங் டேபிளில் ஓட்டை, கறை இருக்குமிடத்தில் ஒட்டும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
எப்போதிருந்து ஒட்டியிருந்ததோ,
எத்தனை பேர் பார்த்தார்களோ.

அடுப்படி வாசலில் போய் நின்று சொன்னேன்:
"சுகந்தி, எனக்குக் கோவமில்ல.
கோவம்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்.
பயமா இருக்குது."

கரண்டியைக் கீழே வைத்தாள்.
அடுப்பைச் சின்னதாக்கினாள்.
"எத்தன நாளாங்க?"

அவள் தலைக்குப் பின்னால் காலண்டர்.
தினமும் தாள் கிழிப்பது என் வேலை.
வெளியே ஐப்பசி மழை தூறுகிறது,
சுவரில் இன்னும்
ஆடிப் பதினெட்டு.