சிஸ்டம் த்ரீ

மருந்துக் கழுவல் ஒரு தடவை,
கேஸ் நிரப்பியது இரண்டு தடவை.
அப்படியும் படுக்கையறைப் பெட்டி
இரவு இரண்டு மணிக்குத் தொண்டையைச் செருமி
தலைமாட்டில் சொட்டத் தொடங்கும்.
மைலோ டின் வைத்தோம். பிறகு வாளி.
வெளிக்குழாயும் ஒழுகத் தொடங்கியபின்
கீழ்வீட்டு ரொஹானா மின்தூக்கியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்:
ஈசூன் முழுக்க வெயில்,
என் துணிக்கு மட்டும் மழை.

அங்கிள் சியோங் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.
எத்தனை வருசம் என்றார்.
மகள் தொடக்கநிலை ஒன்று சேர்ந்த வருசம் என்றேன்.
அவர் கேட்டது எண்.
பதினெட்டு.
இதுக்குச் செலவு செய்றது, மேடம்,
செத்த மீனுக்குத் தண்ணி மாத்துற மாதிரி.

எனக்கு ஐம்பத்தொன்று.
உள்ளே யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்,
நினைத்த நேரத்தில், என்னைக் கேட்காமல்.
மார்பில் பற்றி, கழுத்தில் ஏறி,
காது மடலில் வந்து நிற்கும்.
சந்தையில் மீன்காரர் முன்னால் ஒருமுறை
ஐஸ்கட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
வஞ்சிரம் வாங்கப் போனவள்.

மதியழகனோ பேருந்து ஓட்டுகிறவர்.
பத்து மணிநேரம் முழங்காலில் குளிர்காற்று வாங்கிவிட்டு
வீட்டில் இருபத்தெட்டு போதும் என்பார்.
நான் இருபத்திரண்டு.
எங்கள் இருபத்தாறு வருடக் கல்யாணத்தை
ரிமோட்டில் மேலும் கீழும் பார்க்கும்
இரண்டு அம்புக்குறிகளில் எழுதிவிடலாம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தார்கள்.
தளபாடங்களுக்குப் பிளாஸ்டிக் போர்த்தினார்கள்.
வீரமணி என்ற பையன், அறந்தாங்கிப் பக்கம்,
இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு
பதினோராவது மாடி விளிம்பில் இறங்கினான்.
நான் சமையலறைக்குள் போய்
கழுவின டம்ளர்களையே திரும்பக் கழுவினேன்.

பழையதைக் கழற்றியபோது
சாம்பல் நிறத்தில் ஒரு போர்வைத் தூசி,
பல்லி முட்டை ஓடுகள் நான்கு,
பக்கவாட்டில் மகள் ஒட்டிய நட்சத்திரம்,
இருட்டில் ஒளிரும் என்று விற்றது.
சியோங் செப்புக்குழாயை மட்டும்
பாம்பாட்டி போலச் சுருட்டித் தனியே வைத்துக்கொண்டார்.
சுவரில் அது இருந்த இடம்
இளம்பச்சையாக இருந்தது.
வீடு ஒரு காலத்தில் பச்சை என்பதே
எனக்கு மறந்துபோயிருந்தது.

புதியதில் ஐந்து டிக்.
மின்கட்டணம் குறையும் என்று சியோங் சத்தியம் செய்தார்.
வீரமணி காற்றுக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்து
குளிர் வந்துருச்சுக்கா, என்றான்.
சோதிக்கத் தேவையானதைவிட
ஒரு நிமிடம் கூடுதலாக நின்றான்.
தங்குற இடத்துல எப்படிப்பா?
ஃபேன் இருக்குக்கா.
அவ்வளவுதான் சொன்னான்.
நான் கொடுத்த பார்லித் தண்ணீரை
வாசல்படிக்கு வெளியே போய்க் குடித்தான்.

இரவு.
பழையது ஓடும்போது லாரி ஒன்று
கூடத்தில் நிற்பது போலிருக்கும்.
அந்த இரைச்சலுக்குள் எதையும் போட்டு மூடலாம்.
நான் எழுந்து உட்கார்ந்து ரவிக்கை மாற்றுவதை,
விசும்புவதைக்கூட.
அவர் கட்டையாகக் கிடக்கிறார் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
புதியதில் சத்தமே இல்லை.
ஓடுகிறதா என்று பார்க்க
பச்சை விளக்கைத் தேட வேண்டியிருந்தது.
இரண்டு மணிக்கு உள்ளடுப்பு பற்றியது.
நான் அசையக்கூட இல்லை.
இருட்டிலிருந்து அவர் குரல்:
வந்துடுச்சா?

எத்தனை நாளா முழிச்சிருக்கீங்க என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல் ரிமோட்டைத் தேடினார்.
கிளிக். கிளிக். கிளிக்.
எண்ணினேன். ஆறு.
பிறகு அலமாரி திறக்கும் ஓசை,
கம்பளி,
அதன்மேல் இன்னொரு கம்பளி,
நாளைக்குக் காலை ஐந்தே காலுக்கு
முதல் பேருந்து எடுக்க வேண்டிய மனிதர்
சாக்ஸ் மாட்டிக்கொள்ளும் ஓசை.