மாதிரி எண் இரண்டு

ஆலையில் என் வேலை வெண்மையை அளப்பது.
ஜவ்வரிசி எவ்வளவு வெள்ளை, எவ்வளவு ஈரம்,
எவ்வளவு புளிப்பு.
புளிப்புக்கு ஒரு கருவி இருக்கிறது.
அதற்கு முன்பே மூக்கால் சொல்லிவிடுவேன்.
மேலாளர் சிரிப்பார். கருவியும் அதையே சொல்லும்.

ஆத்தூர் ரோட்டில் பஸ் எங்களைக் கடக்கும்போது
ஜன்னல் சாத்துகிறவர்களை எண்ணியிருக்கிறேன்.
மரவள்ளி நொதித்த தண்ணீர்
பதினாறு வருடமாக என் தலைமுடியில் குடியிருக்கிறது.
நாற்றம் என்றால் முன்பு நறுமணமாம்.
அந்த முன்பில் எங்கள் தொட்டி இருந்திருக்காது.

அதனால் வாங்குகிறேன்.
பெரிய பாட்டில் இல்லை,
சுண்டுவிரல் உயரக் குப்பிகள், இரண்டு மில்லி,
பஞ்சு சுற்றித் தபாலில் வரும்.
ஒவ்வொன்றுக்கும் பழைய மாதிரிப் பதிவேட்டில் ஒரு வரி:
தேதி, பூசிய நேரம், போன நேரம்.

ரோஜா என்று ஒட்டியிருந்தது
பத்து நிமிடம் கல்யாண மண்டப வாசல்,
பிறகு பன்னீர் காய்ந்த சட்டை.
கடல் என்று ஒன்று. சேலத்துக்காரிக்கு
அது புது பிளாஸ்டிக் வாளி.
தோல் என்றது செருப்புக்கடை அட்டைப்பெட்டி;
பிடித்திருந்தது, மறுநாள் பிடிக்கவில்லை.
கோட்டைப் பூ மார்க்கெட்டில் முழம் முப்பதுக்குக் கிடைக்கிற மல்லிக்கு
அறுநூறு ரூபாயா என்றாள் ஜெனிட்டா.
நிஜப் பூவில் ஓர் அழுகல் உண்டு, ராத்திரி ஏழுக்கு மேல்.
செய்தவன் அதையும் உள்ளே வைத்திருந்தான்.
அதற்குத்தான் அறுநூறு என்றேன்.
அவள் நம்பவில்லை.

மிஞ்சியவை இரண்டு.
இடது மணிக்கட்டில் பாரிஸ் சரக்கு, வெட்டிவேரும் புகையும்.
வலதில் செவ்வாய்ப்பேட்டை இலியாஸ் பாய்
கண்ணாடிக் குச்சியால் தொட்டு வைத்த மண் அத்தர்.
மழை விழுந்த மண். நூற்றிருபது ரூபாய்.
கீழே வெயிலில் எதையும் ஒப்பிட முடியாது;
முப்பத்தொன்பது டிகிரியில் எல்லாமே கத்தும்.
ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஏறினேன்.

கோரிமேட்டில் இடது ஜெயித்தது.
அடிவாரத்தில் வலது.
ஐந்தாம் வளைவில் காற்று குளிர்ந்ததும்
புகை தோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
குறிப்பெடுக்கப் பேனா தேடினேன்.

ஒன்பதாம் வளைவில்
முன்சீட்டில் அம்மா தோள்மேல் கிடந்த பையன் வாந்தியெடுத்தான்.
எலுமிச்சம்பழம் இருக்கா, எலுமிச்சம்பழம்,
பஸ் முழுக்கக் கேட்டாள். யாரிடமும் இல்லை.
வேறு தோன்றாமல் கையை நீட்டினேன்.
இடது கையை. விலை அதிகம்.

"மருந்து" என்று முகம் திருப்பினான்.

வலது கைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு கையாலும் பிடித்து
மூக்கை வைத்து அழுத்திக்கொண்டான்.
பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது,
சீட்டுக் கம்பிக்கு மேலே என் தோள் மரத்துப்போனது.
இருபதில் தூங்கியிருந்தான். விடவில்லை.
"என்ன சென்ட்டுக்கா?"
மண் என்றேன்.
கேலி செய்கிறேன் என்று அவளும் சிரித்தாள்.

ஏரிக்கரையில் இறங்கி முகர்ந்தேன்.
பால் பிஸ்கட், எச்சில், வாந்தி, கம்பியின் இரும்பு,
அடியில் எங்கோ கொஞ்சம் மழை.

போன வாரம் இங்கே பெய்திருக்க வேண்டும்.
காப்பி பூத்துச் சரிவெல்லாம் வெள்ளை.
எத்தனை சதவீதம் என்று கண் தானாக அளந்தது.
எல்லோரும் நின்று மூச்சை இழுத்தார்கள்.
எனக்கு மட்டும் பூ வரவில்லை,
இரண்டு மணிக்கட்டும் குறுக்கே நின்றன.

திங்கட்கிழமை.
மாதிரி எண் இரண்டு. பூசிய நேரம் ஏழு நாற்பது.
போன நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பின்பக்கம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள்,
புளிப்பு உள்ளே வந்து
வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது.
இதற்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

புதுப் பக்கம் திருப்பினேன்.
பூசியபோது வயது இருபத்திரண்டு.
முதல் பத்து நிமிடம்,
முதல் பத்து நிமிடம் எப்படி இருந்தது?
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தேன்.
கைக்குட்டையில் பவுடர் வாசம்.