சொல்லிக்கொள்ளாமல்

நவநீதனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு
வீட்டைக் கழுவிவிட்டார்கள்.
ஈரத் தரையில் கால்வைக்கப் பிடிக்காமல்
கட்டில்மேல் உட்கார்ந்து போனைத் திறந்தேன்.
நூற்று எண்பத்தேழு பேர்.

ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல்.
ஆழ்ந்த இறங்கல் என்று ஒருவர்.
அவர் ஒருவர்தான் சரியாக எழுதியிருந்தார்.
நான் இறங்கிக்கொண்டேதான் இருந்தேன்.

செவ்வாய்பேட்டைப் பட்டறையில்
அவனோடு கொலுசுக்குப் பற்றவைத்த பையன்கள்
தம்பி படத்துக்கு இரண்டு சிறகு ஒட்டி
ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள்.
மறுநாள் இந்நேரம்
சிறகும் இல்லை, அவனும் இல்லை.

எங்கள் வகையறாக் கல்யாணங்களில்
மொய் நோட்டு எழுதுகிறவள் நான்.
பழகிய விரல்
பெயர்களைத் தள்ளிக்கொண்டே போயிற்று,
யார் போட்டார்கள் என்பதற்காக இல்லை.

பிலோமினா போடவில்லை.

பார்த்திருக்கிறாள், இரண்டு கோடும் நீலம்.
பார்த்துவிட்டு, அடுத்த நாள் சாயங்காலம்
ஏற்காடு ஏரிமேல் பனி இறங்குகிறது என்று
ஒரு படம் போட்டிருக்கிறாள்.
மூன்று வருஷம், காலேஜ் விட்டதும்
ஒரே தட்டுவடை செட்டை இரண்டாக உடைத்து
பீட்ரூட் சிந்தாமல் தின்றவள்.

கருமாதி வரைக்கும் பொறுத்தேன்.
பிறகு அவளை பிளாக் செய்யத்தான் போனேன்.
அதற்கு முன்னால் நறுக்கென்று ஒரு வரி எழுதலாம் என்று
எழுதி, அழித்து, எழுதி,
விரல் வழுக்கி, மேலே மேலே ஓடி
மூன்று வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆனி மாதத்தில் நின்றது.

அம்மா போய்ட்டாங்கடி.
விடியற்காலை நாலு பத்து.

அதற்குக் கீழே நான்.
பதினொன்றே முக்காலுக்கு,
கூப்பிய இரண்டு கைகள்.

அதற்கும் கீழே, நாலு நாள் கழித்து, மறுபடி நான்:
அங்க பலாப்பழம் என்ன விலை? மாமியார் கேக்கறாங்க.

அவள்: கிலோ முப்பது.
சின்னதாப் பாத்து எடுத்து வைக்கட்டுமா?

அந்தக் கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மஞ்சள் தோல், நீலச் சட்டைக் கை, வளையல் கிடையாது.
எந்தப் பக்கம் பார்த்தாலும்
என் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
வளைவுக்கு வளைவு நம்பர் எழுதியிருந்தது.
ஏழாவதில் ஒரே ஒரு கோடு சிக்னல்,
பன்னிரண்டாவதில் அதுவும் போயிற்று.
இருபது தாண்டியும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை.
மாதா படத்துக்குக் கீழே அவள் அம்மா,
சீரியல் பல்பு ஒன்று விட்டு ஒன்று எரிந்தது.
காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்:
யாருக்கு வந்திருக்கே?
உன் தம்பிக்கா, எங்கம்மாவுக்கா?

காப்பியில் ஏடு கட்டும் வரை
இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

துக்க வீட்டில்
போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது.
எழுந்தேன்.
அவளும் வாசலுக்கு வரவில்லை.
செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன்,
என் பைக்குள்
செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பஸ் இறங்க இறங்க
அடைபட்டிருந்த இரங்கல்கள்
மடியில் துடித்துத் துடித்து வந்தன.
அவள் பெயர் இருக்கிறதா என்று நான் தேடவில்லை.
அதற்குள் பஸ் முழுக்கப் பலாச்சுளை வாசம்.
முன் சீட்டுக்காரர் திரும்பினார்.
நல்ல பழம் போலிருக்கே,
என்ன விலைங்க?