மறுகால்

சிம்மக்கல் பார்சல் ஆபீஸில்
பதினோரு மாதம்
கழிவறைக் கதவை மறைத்து நின்றது.
ரசீதில் ‘பலகை – ஒன்று’ என்று மட்டும்.
அனுப்பிய ஊர் கோவளம்.
பெறுபவர் எண் எப்போதும் சுவிட்ச் ஆஃப்.
மதுரைக்கு எவன்டா கடல்பலகை அனுப்புனான் என்று
லோடுமேன் ஒச்சப்பன்
அதன்மேல் கைலி காயப்போட்டார்.

ஏலத்தன்று கை தூக்கியது நான் ஒருவன்தான்.
அறுநூறு ரூபாய்,
கைலியை ஒச்சப்பன் எடுத்துக்கொண்டார்.

கேமரா ஷாகுல் கடையில் பழசாக வாங்கியது.
தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசு.
பத்து மீட்டர் ஆழம் தாங்கும் என்றான்.
பத்து மீட்டர் ஆழத்துக்கு
இந்த ஊரில் தண்ணீர் எங்கே என்று
நானும் கேட்கவில்லை
அவனும் சொல்லவில்லை.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து
பலகையின் மூக்கில் ஒட்டினேன்,
அதன் கண் என்னைப் பார்க்கிற மாதிரி.
ஒருநாள் முழுக்கத் தொடக்கூடாதாம்.
தொடவில்லை.
பசை இறுகிய அந்த ராத்திரிதான்
மழை பிடித்தது.

ஐந்தாம் நாள்
நிலையூர்க் கண்மாய் மறுகால் பாய்ந்தது.
கலுங்குக் கல் தாண்டி விழுந்த தண்ணீர்
கீழே மடங்கித்
தொடை உயரத்துக்கு எழுந்து நின்றது.
நின்றதென்றால்
நின்றேவிட்டது.
பெரியார் பஸ் ஸ்டாண்டில்
ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க
கூட்டம் மட்டும் அங்கேயே இருக்குமே,
அப்படி ஓர் அலை.

கேமராக் கொக்கியில் ஒரு முன்னெச்சரிக்கை:
அக்கா மகனின் பழைய அரைஞாண் கயிறு.
சிவப்பு விளக்கு மினுக்கியது.
படுத்தேன், எழுந்தேன், விழுந்தேன்.
எழுந்தேன், விழுந்தேன்.
கரையில் பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
பதினேழில் எண்ணிக்கை விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.
நீர்பாய்ச்சி அழகுமலையான்
குடைக்குள்ளிருந்து கத்தினார்:
‘ஏப்பா, செத்தாலும் பரவால்ல,
மடைய அடைச்சுப்புடாத.’

கடைசியாக விழுந்தபோது
பலகை கிடைத்தது.
பசை பிடித்த இடத்தில் பிடித்திருந்தது.
கயிறு முடிச்சோடு பத்திரமாக இருந்தது.
நடுவிலிருந்த கொக்கிதான் முறிந்து
கேமரா போயிருந்தது.

மூன்று நாள் கழித்து மறுகால் நின்றது.
ஓடையில் கூடு வைத்திருந்த பஞ்சவர்ணம்
மீனோடு அதையும் அள்ளியிருந்தாள்.
ஐம்பது ரூபாய் கேட்டாள்.
அத்தோடு
உள்ளே என்ன இருக்கிறதென்று
தனக்கும் காட்டவேண்டும் என்றாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்து
என் போனைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் என் முகம்.
சிரித்ததாக நினைத்த இடத்திலெல்லாம்
அழுதுகொண்டிருந்தேன்.
மூக்குத் துவாரம் இரண்டும் குகை.
பஞ்சவர்ணம் நாகரிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, எனக்கே தெரியாமல்,
பதினொரு விநாடி
நான் நின்றிருந்தேன்.
பலகை அசையவே இல்லை.
என் முதுகுக்குப் பின்னால்
பரங்குன்றம் இடப்பக்கம் சாய்ந்தது,
வலப்பக்கம் சாய்ந்தது,
தடுமாறித் தடுமாறி
ஒருவழியாக நேரானது.
அந்த நொடியில் விழுந்தேன்.

வானம், கால், நுரை.
அப்புறம் பச்சை.
பச்சை அடங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.
ஒரு ஷாம்பு பாக்கெட் கடந்துபோனது.
மணல் உருளும் சத்தம்,
பல் கடிக்கிற மாதிரி.

‘அயிரை,’ என்றாள்.

விரல்நீளம்கூட இல்லை.
வயிறு மணலில் உரச
தலையைத் தண்ணீர் வரும் திசைக்கு வைத்து
அத்தனை இழுப்பிலும்
இருந்த இடத்தில் இருந்தது.
வால்மட்டும் லேசாக,
யோசிக்கிற ஆள் காலாட்டுவதுபோல.
பேட்டரி தீரும்வரை
நாற்பது நிமிடம்
அது எங்கும் போகவில்லை.

என் பதினொரு விநாடிக்குத் திரும்பப் போனேன்.
‘அது கெடக்கட்டும்,
மீனப் போடுங்க’ என்றாள்.
போட்டேன்.
குனிந்து பார்த்தாள், மூச்சு கண்ணாடியில் பட,
பதினைந்து வருசமாக
மேலிருந்து மட்டுமே பார்த்திருந்தவள்.
‘எப்படி விழாம இருக்கு பாருங்க.’

ஐம்பது ரூபாயை
இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.
எவர்சில்வர் சட்டியில்
அரைப்படி இருக்கும்,
அதுவும் அயிரைதான்.